பழைய படங்களில் புகைவண்டி

மாதனூரில் புகைவண்டி நிலையம் இல்லை. சென்னையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் இருப்புப் பாதை, காட்பாடியைக் கடந்ததும் பாலாற்றுக்கு வடக்கே ஒதுங்கி, குடியாத்தம், மேல்பட்டி, பச்சக்குப்பம் வழியாக ஆம்பூரைச் சென்றடைகிறது. ஆற்றின் தென்புறத்தில் நெடுஞ்சாலையோரமாக அமைந்துவிட்ட மாதனூருக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து, 2019 இல் பிறந்த திருப்பத்தூர் மாவட்டம் வரை எத்தனையோ மாற்றங்களை இவ்வூர் கண்டுவிட்டது. வண்டியேற வேண்டுமானால் இன்றும் வேற்றூருக்குத்தான் செல்ல வேண்டும்.

ஆயினும் இவ்வூரில் எனக்கு உறவுமுறையான ஒரு வீட்டின் தகரப் பெட்டிக்குள் ஒரு புகைவண்டி நிலையம் பத்திரமாக இருக்கிறது. உள்ளங்கையை விடச் சற்றே பெரிய, ஓரம் பழுத்துப்போன நிழற்படம் அது. ரயில் பெட்டியொன்றின் முன்னால் ஆறு ஆண்களும் ஒரு சிறுவனும் நிற்கின்றனர். நடுவில் மாலையணிந்த முதியவர். இளைஞர் இருவர் தலையில் துருக்கித் தொப்பி. பெட்டியின் ஜன்னலில், உள்ளே அமர்ந்திருக்கும் ஒரு பெண்மணியின் வெள்ளைத் துப்பட்டி விளிம்பு மட்டும் தெரிகிறது. படத்தின் இடது ஓரத்தில், தலையில் மூட்டை தாங்கிய ஒரு மனிதர். அவருடைய உடலில் பாதிதான் படத்துக்குள் அகப்பட்டிருக்கிறது.

“துருக்கி சுல்தான் காலத்தில் எங்கள் பாட்டனார் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது ஆம்பூரில் எடுத்தது” என்பது அவ்வீட்டார் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. படத்தை என் கையில் தந்த பெரியவருக்கு எண்பது வயதுக்கு மேலாகிறது. அவரும் தம் தந்தையாரிடம் கேட்டதைத்தான் சொன்னார்.

ரயிலையும் குடும்பத்தையும் சேர்த்துப் படமெடுத்து வைக்கும் வழக்கம் நம் நாட்டில் ஆங்கிலேயரோடு வந்தது. பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையே போர் காட் மலைச்சரிவில் பாதையமைக்கும் ஒப்பந்தத்தைப் பெற்று வந்த சாலமன் டிரெட்வெல் என்பவர், 1859 இல் வந்த சில வாரங்களிலேயே இறந்து போனார். அவருடைய மனைவி ஆலிஸ் டிரெட்வெல் நாடு திரும்பாமல் ஒப்பந்தத்தைத் தாமே ஏற்று முடித்தார். அந்தப் பாலங்களையும் குகைகளையும் அவர் எடுத்த படங்களாகக் கருதப்படுபவை இன்றும் இலண்டனில் பாதுகாக்கப்படுகின்றன. அவருக்குப் பின் வந்த பொறியாளர்கள், ஓட்டுநர்கள், கார்டுகள், நிலைய அதிகாரிகள் ஆகியோரின் குடும்பங்கள் சேர்த்த ஆல்பங்களுக்குக் கணக்கில்லை. நம் பக்கத்து ஜோலார்பேட்டையிலும் அரக்கோணத்திலும் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல, 1947 க்குப் பின் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் குடிபெயர்ந்தபோது அந்த ஆல்பங்களையும் உடன் கொண்டு சென்றன. இங்கிலாந்தில் 1998 இல் தொடங்கப்பட்ட, பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கம் போன்ற அமைப்புகளின் வழியாக அவர்களுடைய வழித்தோன்றல்கள் தங்களிடமுள்ள செய்திகளையும் படங்களையும் பகிர்ந்துகொண்டு, “இந்த இன்ஜினுக்கு அருகில் நிற்பவர் என் பாட்டனாராக இருக்கலாமோ?” என்று ஒருவரையொருவர் வினவி வரலாறு தேடுகிறார்கள். அந்த ஊக்கத்தை நான் மெச்சுகிறேன். நம்மிடம் அது இல்லையே என்ற பொறாமையும் உண்டு.

பொறாமைக்குக் காரணம் இருக்கிறது. ரயிலால் வாழ்ந்த பகுதி என்று தமிழகத்தில் ஒன்றைச் சுட்டுவதானால், வாலாஜா முதல் வாணியம்பாடி வரையிலான இந்தப் பாலாற்றங்கரையைத்தான் சுட்ட வேண்டும். தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடமே வாலாஜா ரோடுதான். 1862 இல் பாதை மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூர் வரை நீண்டுவிட்டது. 1864 இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குக் கிளை பிரிந்தது. அதன் பின்னர் வட நாட்டு உப்புத்தோல் மூட்டைகள் கூட்ஸ் வண்டிகளில் இங்கே வந்திறங்கின. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிப் பதமான தோல்கள் கட்டுகளாகச் சென்னைப் பெரியமேட்டு மண்டிகளுக்கும், அங்கிருந்து துறைமுகம் வழியாக இலண்டன் சந்தைக்கும் சென்றன. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்சுகளுக்கு வேண்டிய தோலில் பெரும்பங்கு சென்னை மாகாணத்திலிருந்து போயிற்று. மேல்விஷாரம் வள்ளல் சி. அப்துல் ஹக்கீம் அவர்கள் தோல் வணிகத்தில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு, சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரிலேயே சித்தீக் சராயைக் கட்டி வழிப்போக்கர் தங்க வகை செய்தார். சத்திரத்துக்கு அந்த இடத்தை அவர் தேர்ந்ததில், ரயிலுக்கும் நம் மக்களுக்கும் இருந்த உறவு அனைத்தும் அடங்கிவிடுகிறது. (தோல் ஏற்றிய வண்டி நிற்கும் மேடையில் மூக்கைப் பொத்தாமல் நின்ற துரைமார் உண்டா என்று கேட்டு முதியவர்கள் சிரிப்பார்கள்.)

இத்தனை இருந்தும் நம் வீடுகளில் ரயில் படங்கள் மிகக் குறைவு. உருவப்படம் ஆகுமா ஆகாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருந்து வந்ததால், பேணுதலுள்ள குடும்பங்கள் படமெடுப்பதைத் தவிர்த்தன. ஹஜ்ஜுப் பயணம் அதற்கு ஒரு விலக்காக அமைந்தது. அரக்கோணத்தில் வண்டி மாறிப் பம்பாய் சென்று, அங்கிருந்து கப்பலேறி ஜித்தா சேர வேண்டிய காலம் அது. திரும்பி வருவோமா என்ற நிச்சயம் எவருக்கும் இல்லை. ஊரெல்லாம் கடன் தீர்த்து, மன்னிப்புக் கேட்டு, வஸிய்யத்து எழுதி வைத்துவிட்டுப் புறப்படுபவரை, ஒருமுறையேனும் படத்தில் நிறுத்திக்கொள்ள மக்கள் விரும்பினார்கள். பம்பாயிலிருந்து ஹஜ்ஜுக் கப்பல் செல்வது 1995 இல் முற்றாக நின்றுபோயிற்று. ஸ்டேஷனில் மாலையோடு எடுக்கும் படமும் அந்தக் கப்பலோடு போய்விட்டது.

இனி மாதனூர்ப் படத்துக்கு வருவோம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது ரயில் பெட்டியின் மீது ‘எம். அண்டு எஸ். எம்.’ என்ற ஆங்கில எழுத்துக்கள் புலப்பட்டன. மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே என்பதன் சுருக்கம் அது. பழைய மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1908 இல் கலைக்கப்பட்டபோது, சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூர் வரையிலான பாதை இந்தக் கம்பெனியிடம் வந்தது. ஜோலார்பேட்டைக்கு அப்பால் மேற்குக் கடற்கரைப் பாதை தென்னிந்திய ரயில்வேயிடம் சென்றது. 1951 ஏப்ரல் 14 அன்று இரண்டும் மைசூர் ரயில்வேயுடன் இணைந்து தெற்கு ரயில்வே ஆயின. எனவே இந்த எழுத்துக்கள் உள்ள படம் 1908 க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. வீட்டில் பழைய ரயில் படம் வைத்திருப்போர் முகங்களைப் பார்க்கும் முன் பெட்டியின் எழுத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. மேலே மின்கம்பி தெரிந்தால், நம் பகுதியைப் பொறுத்தவரை அது 1980 களுக்கு முந்திய படம் அன்று.

துருக்கியர் ஆட்சி மக்காவில் 1916 வரை நீடித்தது. ஆகவே வீட்டார் சொன்ன காலத்துக்கு இன்னும் இடமிருந்தது. ஆனால் படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதிய இரண்டு உருது வரிகள் இருந்தன. பேரப்பிள்ளைகள் எவருக்கும் உருது படிக்க வராது. ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள். இத்தனை ஆண்டுகளாகத் தம் வீட்டு வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் படிக்க இயலாமல் இருந்திருக்கிறார்கள். சில வீடுகளில் இத்தகைய குறிப்புகள் அரபுத் தமிழில் இருக்கும். அதைப் படிப்போர் இன்னும் அரியர். ஓய்வுபெற்ற உருது ஆசிரியர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார்: ஷவ்வால் 1346, ஆம்பூர். அதற்குக் கீழே சில பெயர்கள்.

ஹிஜ்ரி 1346 ஷவ்வால் என்பது 1928 மார்ச், ஏப்ரல் மாதங்களில் விழுகிறது. துருக்கியர் மக்காவை விட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இடையில் ஷரீப் ஹுசைனின் ஆட்சியும் வந்து போய், 1924 இல் மக்கா இப்னு சஊதின் கைக்கு மாறியும் விட்டது. இதைப் பெரியவரிடம் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்படின்னா எங்க அத்தா சொன்னது பொய்யா தம்பி?” என்று கேட்டார். பொய்யென்று நான் நினைக்கவில்லை. அத்தொப்பிகளைக் கண்டு பிற்காலத்தில் எவரோ துருக்கியைச் சேர்த்திருக்கலாம். அல்லது முன்னமே போய் வந்த வேறொருவரின் பயணம் இந்தப் படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதையும் அவரிடம் சொன்னேன். அவர் முகம் முழுவதும் தெளியவில்லை.

வெள்ளையர் ஆல்பங்களில் இன்ஜின் எண்கூடக் குறித்திருக்கும். அங்கே காணக் கிடைக்காதவையும் உண்டு. 1921 நவம்பரில் திரூரிலிருந்து மாப்பிள்ளைக் கைதிகளைக் காற்றுப் புகாத சரக்குப் பெட்டியொன்றில் அடைத்து அனுப்பி, போத்தனூரில் திறந்தபோது மூச்சடைத்துக் கிடந்தவர்களைக் கண்டார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் முதியவர் மாலையோடு நின்ற பெட்டியின் மீதிருந்த அதே கம்பெனியின் எழுத்துக்களே அந்தச் சரக்குப் பெட்டியின் மீதும் இருந்தன. இரண்டுக்கும் இடையே ஏழு ஆண்டுகள்கூட இல்லை. ஹஜ்ஜுக்கு வழியனுப்ப வந்த அந்த அறுவரும் அச்செய்தியை அறியாதிருந்திருக்க மாட்டார்கள்.

இந்தப் படத்தைப் பிரதியெடுத்துப் பிறருக்கும் காட்டலாமா என்று கேட்டபோது வீட்டில் விவாதம் எழுந்தது. ஜன்னலில் தெரியும் துப்பட்டிதான் காரணம். அந்த அம்மையாரின் முகம் படத்தில் இல்லை. இருந்தும், மறைந்திருக்க விரும்பியவரைப் பலர் முன் கொண்டு வருவது முறையாகுமா என்று பெரியவர் ஐயுற்றார். பேரன் ஒப்பவில்லை. பாட்டியாரும் ஹஜ்ஜுக்குச் சென்றார் என்பதற்கு இது ஒன்றே சான்று, அதை மூடுவது நியாயமா என்பது அவன் கட்சி. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. பெயர் எழுதி வைப்போம், படம் வீட்டோடு இருக்கட்டும், உறவினர் வந்தால் காட்டுவோம் என்று முடிவாயிற்று. எனக்கு அதில் சற்று ஏமாற்றமே.

பேரன் ஒரு தாளை எடுத்துப் பெயர்களைத் தமிழில் வரிசையாக எழுதலானான். பாட்டனார், பாட்டியார், தம்பிமார், மருமகன், மாதனூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டார், சிறுவன். உருது வரிகளில் இருந்தவை அத்தனையும் முடிந்தன. மூட்டைக்காரர் மிஞ்சினார். “அது கூலியாள்” என்றார் பெரியவர். கதவுக்கு அப்பாலிருந்து அவருடைய மூத்த சகோதரியாரின் குரல் வந்தது: “ஸ்டேஷன் கூலி இல்லேப்பா. நம்ம தோல் மண்டியிலே இருந்தவரு. ஹஜ்ஜு சாமானெல்லாம் மாதனூர்லேருந்து வண்டியிலே ஏத்திக்கிட்டு வந்தவரு அவருதான்னு நன்னிமா சொல்லும்.”

பெயர் என்ன என்று கேட்டோம். அந்த அம்மையாருக்கு நினைவு வரவில்லை. பேரன் கடைசி வரியில், ‘தோல் மண்டியில் இருந்தவர், சாமான் கொண்டு வந்தவர்’ என்று எழுதி, பெயருக்கு இடம் விட்டு வைத்தான்.