நூல் சொல்லாத கணக்கு

வீட்டில் பிள்ளைகளின் குளோப் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு துண்டு நூல். ஒரு முனையை ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் வைத்து, மறுமுனையை டோக்கியோ வரை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். நூல் எதன் மேல் கிடக்கிறது? பெரும்பகுதி ரஷ்யா!

அந்தத் தூரம் சுமார் 7,800 கிலோமீட்டர். ஜெட் விமானத்துக்கு ஒன்பதரை மணி நேர வேலை. 'அவ்வளவுதானே?' என்கிறீர்களா? அங்கேதான் சிக்கலே!

1944-ல் பல நாடுகள் சிகாகோவில் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டன. ஒரு நாட்டின் மண்ணுக்கு மேலே இருக்கும் வானமும் அந்த நாட்டுக்கே சொந்தம் என்றது அது. மண்ணுக்கு வேலி போட்ட மனிதன் வானத்தை மட்டும் விட்டுவைப்பானா? சோவியத் யூனியன் அந்த மாநாட்டுக்கே வரவில்லை. ஆனால், வானத்துக்குப் பூட்டுப் போடுவதில் அதை மிஞ்ச ஆளில்லை!

அப்புறம் எப்படி ஜப்பானுக்குப் போவது? இந்தியா, தாய்லாந்து என்று தெற்கே சுற்றிக்கொண்டு போனார்கள். ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆனது. 1957-ல் ஸ்காண்டிநேவிய விமானம் ஒன்று கோபன்ஹேகனிலிருந்து வட துருவம் வழியாகப் பறந்து, அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு டோக்கியோ போய்ச் சேர்ந்தது. துருவத்தருகே காந்த ஊசி தடுமாறும். அதற்காகவே தனி கைரோ கருவி பொருத்தியிருந்தார்கள். பயண நேரம் முப்பது மணி சொச்சமாகக் குறைந்தது.

1970 வாக்கில் சோவியத் கொஞ்சம் இறங்கி வந்தது. மாஸ்கோவில் நின்று போக, சில நிறுவனங்களை மட்டும் அனுமதித்தது. சும்மா இல்லை, கட்டணம் உண்டு! 1983 ஏப்ரலில் ஃபின்ஏர் வேறு வழியைப் பிடித்தது. துருவத்தைத் தாண்டி, பேரிங் நீரிணை வழியாக, எங்கும் நிற்காமல் டோக்கியோ. ஏறக்குறைய 13 மணி நேரம்.

'இத்தனை சுற்று எதற்கு, ஓர் ஓரமாக உள்ளே புகுந்து போனால்தான் என்ன?' என்று தோன்றுகிறதா? அதே ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதி, ஆங்கரேஜிலிருந்து சியோல் கிளம்பிய கொரிய விமானம் ஒன்று வழி தவறி சோவியத் வானில் நுழைந்தது. சகாலின் தீவருகே போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. உள்ளே இருந்தவர்கள் 269 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

பிறகு சோவியத் யூனியனே உடைந்தது. சைபீரிய வானம் திறந்தது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ ஒன்பதரை மணி நேரம்! ஆசியாவுக்குப் போகக் குறுக்கு வழி இதுதான் என்று ஃபின்ஏர் தன் வியாபாரத்தையே அந்த நூலின் மேல் கட்டியது.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. ஐரோப்பா தன் வானத்தை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது. பதிலுக்கு ரஷ்யாவும் மூடியது. மார்ச் மாதமே ஃபின்ஏர் விமானி பழைய துருவப் பாதைக்குத் திரும்பினார். பயண நேரம்? மறுபடியும் சுமார் 13 மணி! அதே நாட்களில் சீன விமானங்கள் ரஷ்யாவுக்கு மேலே ஜாம்ஜாமென்று பறந்துகொண்டிருந்தன.

துருவத்தைக் கடந்த பயணிகளுக்கு ஃபின்ஏர் ஒரு சான்றிதழ் கொடுத்தது. ஆசையாக வாங்கிக்கொண்டார்கள். நாற்பது வருஷத்தில் இன்ஜின் மாறியது, விமானம் மாறியது. நேரம் மட்டும் கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது.

குளோபைத் திருப்பி வைத்துவிடுங்கள். நூல் தூரத்தைத்தான் சொல்லும். நேரத்தைச் சொல்ல வேண்டியவர்கள், கீழே கோட்டைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்!