வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயர்: சர்க்யூட் பலகை முறைகள்

வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் ரெசிஸ்டர், கண்டென்சர் ஆகியவற்றைப் பொருத்தி இணைக்கும் முறைகள். பலகையின்றி வால்வு சாக்கெட்டுக்கும் டேக் பட்டைக்கும் இடையே நேரடியாகச் சால்டர் செய்வது பழைய வழி. வால்வு ரேடியோக்களும் இப்படிக் கட்டப்பட்டன. 1950-களில் ஃபெண்டர் நிறுவனம் உலோகக் கண்கள் பதித்த ஃபைபர் பலகையையும், 1960-களில் மார்ஷல் சிறு உலோகத் தூண்கள் நட்ட டரட் பலகையையும் கையாண்டன. 1970-களில் அச்சிட்ட பலகை (பிசிபி) பரவியது. வேலை விரைந்தது, ஆனால் உதிரி மாற்றுகையில் செப்புத்தடம் பெயரக்கூடும்.

சென்னையின் டோல்கேட், ராயபுரம் போன்ற கடலோர இடங்களில் ஃபைபர் பலகை பொருந்தாது. அது ஈரம் உறிஞ்சி மின்சாரத்தைக் கசியவிடும். கண்களுக்கு நடுவே வெறும் பலகையில் மீட்டர் முனையை வைத்தாலே சில வோல்ட் காட்டும், ஸ்பீக்கரில் சடசடப்பு எழும். கண்ணாடியிழை எபாக்ஸி பலகையே ஏற்றது. எந்தப் பலகையானாலும், சப்ளை பெரும்பாலும் 300 வோல்ட்டைத் தாண்டுவதால், அணைத்த பின்பும் ஃபில்டர் கண்டென்சரில் தேங்கிய மின்னூட்டத்தை இறக்கிய பிறகே கைவைக்க வேண்டும்.