கார் ஓட்டத் தெரியாத பார்க் கமிஷனர்

மக்களே, நகரப் பூங்காத் துறைக்குத் தலைவர்னா என்ன நினைப்பீங்க? செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லணும், பெஞ்சுக்கு பெயிண்ட் அடிக்கச் சொல்லணும், அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போகணும். அதே நாற்காலியில 1934 முதல் 1960 வரை உட்கார்ந்து நியூயார்க்கையே திருப்பிப் போட்டவர் ராபர்ட் மோசஸ். இத்தனைக்கும் மனுஷன் ஒரு தேர்தல்லகூட ஜெயிச்சதில்லை. 1934லயே கவர்னர் தேர்தல்ல நின்னு படுதோல்வி!

அதுவரைக்கும் நகரத்தின் அஞ்சு பகுதிக்கும் தனித்தனி பார்க் கமிஷனர்கள். மேயர் லாகார்டியா கூப்பிட்டப்போ, அஞ்சையும் ஒண்ணாக்கி என் கையில கொடுங்க, அப்பதான் வருவேன்னு நிபந்தனை போட்டார் மோசஸ். கொடுத்தாங்க. நேரமும் கூடி வந்துச்சு. பொருளாதார மந்தக் காலம், வேலையில்லாத பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும் ஏராளம், சம்பளம் கொடுக்க வாஷிங்டன் தயார். ஆனா பணம் வேணும்னா கையில பிளான் ரெடியா இருக்கணும். மத்த ஊர்க்காரங்க யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே இவர் வரைபடங்களை நீட்டினார். டெண்டர் வர்றதுக்கு முன்னாடியே டிசைன் முடிச்சு வைக்கிற ஆளு :-)

அந்த வருஷம் டிசம்பர்லயே சென்ட்ரல் பார்க் மிருகக்காட்சிசாலையைப் புதுசா கட்டித் திறந்தாச்சு. எதிர்லயே குடியிருந்த முன்னாள் கவர்னர் ஆல் ஸ்மித்துக்கு ‘கௌரவ இரவுக் கண்காணிப்பாளர்’ பட்டம், கூடவே ஒரு சாவி. ராத்திரில போய் மிருகங்களைப் பார்த்துட்டு வருவாராம். 1936 கோடையில மட்டும் 11 பெரிய நீச்சல் குளங்கள். ஆஸ்டோரியா குளத்துல அந்த வருஷ ஒலிம்பிக் தேர்வுப் போட்டியே நடந்துச்சு.

இன்னொரு பக்கமும் இருக்கு. ராபர்ட் கேரோ 1974ல எழுதின ‘தி பவர் புரோக்கர்’ புத்தகத்துல, 1930கள்ல மோசஸ் கட்டின 255 விளையாட்டுத் திடல்கள்ல ஹார்லெமுக்குக் கிடைச்சது ஒண்ணுதான்னு கணக்கு சொல்றார். கேரோவின் சில குற்றச்சாட்டுகளைப் பின்னாடி வந்த ஆய்வாளர்கள் மறுத்திருக்காங்க. 1936 குளங்கள்ல ஒண்ணு ஹார்லெம்லயே திறந்ததும் உண்மை. அதுக்காக யாருக்கு முதல்ல கிடைச்சதுங்கற கேள்வி போயிடாதுன்னுதான் எனக்குத் தோணுது.

இன்னொரு சிக்கல், நம்ம தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: கட்டறதுக்கு பட்ஜெட் உண்டு, மெயின்டனன்ஸுக்குக் கிடையாது. மத்திய அரசின் ஆட்கள் போனதும், கட்டினதையெல்லாம் பராமரிக்கற பாரம் நகரத்தின் தலையில விழுந்துச்சு. 1970கள்ல நகரம் திவாலாகற நிலைக்கு வந்தப்போ சென்ட்ரல் பார்க்கே பாழடைஞ்சு கிடந்துச்சு.

கடைசியில மோசஸை அசைச்சது யாருங்கறீங்க? தள்ளுவண்டில குழந்தையோட வந்த அம்மாக்கள்! 1956ல, பார்க்குக்குள்ள இருந்த ‘டாவர்ன் ஆன் தி கிரீன்’ ரெஸ்டாரன்ட்டுக்காக, குழந்தைகள் விளையாடுற அரை ஏக்கர் இடத்தை கார் பார்க்கிங் ஆக்கப் போனார். (கார் ஓட்டவே கத்துக்காத மனுஷருக்கு கார் மேல அப்படி ஒரு பிரியம்.) அம்மாக்கள் மறிச்சு நின்னாங்க. ஏப்ரல் 24, ஊர் எழறதுக்கு முன்னாடி வேலி போட்டு மரத்தை வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க. மறுநாள் பத்திரிகைல அழுற அம்மாக்கள் படம். இருபது வருஷமா அவரைக் கொண்டாடின அதே பத்திரிகைகள்! விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு, தடை வந்துச்சு, மோசஸ் இறங்கி வந்தார்.

மூணு வருஷம் கழிச்சு, பார்க்ல இலவசமா ஷேக்ஸ்பியர் நாடகம் போட்ட ஜோசப் பாப்கிட்ட, புல்லு வீணாகுது, டிக்கெட் போட்டு வசூல் பண்ணுன்னார். பாப் மறுத்தார். அதுலயும் கோர்ட் பாப் பக்கம். 1960ல உலகக் கண்காட்சி வேலைக்காக கமிஷனர் பதவியை விட்டுப் போனார் மோசஸ். பாப்பின் நாடகங்களுக்குன்னே 1962ல சென்ட்ரல் பார்க்ல ஒரு அரங்கம் திறந்தாங்க. அம்மாக்கள் மறிச்ச அந்த அரை ஏக்கர்ல கார் பார்க்கிங் வரலை, விளையாட்டுத் திடல்தான் வந்துச்சு. கட்டிக் கொடுத்ததும் மோசஸ்தான்.