ஆல்-இன்-ஒன் கணினி: எந்த பாகம் முதலில் சாகும்?

"வீட்டுக்கோ சின்ன ஆபீஸுக்கோ ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டர் வாங்கலாமா?" மென்பொருள் வேலையில் இருப்பவர்களை விடாமல் துரத்தும் கேள்வி இது. கேட்பவர்கள் பிராசசர், ரேம், ஸ்க்ரீன் சைஸ் என்று ஒரு பட்டியலோடு வருவார்கள். பட்டியல் தப்பில்லை. ஆனால் இந்தப் பெட்டியின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால், பட்டியலில் இல்லாத ஒரு கேள்விதான் முக்கியம் என்று தெரியும். இதில் எந்த பாகம் முதலில் சாகும்? சாகும்போது எதையெல்லாம் கூட்டிக்கொண்டு போகும்?

கார் பானெட் மாதிரி ஒரு பெட்டி (1977)

கொமடோர் நிறுவனத்தின் 'பெட் 2001' 1977-ல் வந்தது. 9 இன்ச் திரை, கீபோர்டு, கேசட் ரெக்கார்டர் எல்லாம் ஒரே உடம்பில். 8 கேபி நினைவகம் உள்ள மாடல் 795 டாலர். கொமடோர் அதற்கு முன் கால்குலேட்டரும் ஆபீஸ் ஃபைல் கேபினெட்டும் செய்த கம்பெனி. அதனால் பெட்டியும் தகரத்தில்தான், பீரோ மாதிரி.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஸ்க்ரூக்களைக் கழற்றி மேல்பாகத்தைத் தூக்கினால், கார் பானெட் போலத் திறக்கும். விழாமல் முட்டுக்கொடுக்க உள்ளேயே ஒரு கம்பி உண்டு. ஆல்-இன்-ஒன் என்றாலே திறக்க முடியாது என்று நாம் நினைக்கிறோமே, தொடக்கத்தில் அப்படி இல்லை.

பூட்டிய பெட்டி (1984)

திறக்க விடாத வழக்கம் ஆப்பிளின் முதல் மெக்கின்டாஷில் பிரபலமானது. விலை 2,495 டாலர், நினைவகம் 128 கேபி, அதுவும் போர்டில் சால்டர் செய்யப்பட்டது. விரிவாக்க ஸ்லாட் கிடையாது. கைப்பிடிக்குள் ஆழமாக இருந்த ஸ்க்ரூக்களுக்கு நீளமான டார்க்ஸ் டிரைவர் வேண்டும். உள்ளே பிக்சர் டியூப் வேறு, ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும்.

128 கேபி போதவில்லை. அதே 1984 செப்டம்பரில் 512 கேபி மாடல் வந்துவிட்டது. பழையது வாங்கியவருக்கு அதிகாரபூர்வ வழி, டீலரிடம் போய் போர்டையே மாற்றுவதுதான். திரை அப்படியே இருந்தது, கீபோர்டு அப்படியே இருந்தது. எட்டு மாதத்தில் பழசானது நினைவகம் மட்டும்தான்.

மலிவு எங்கிருந்து வருகிறது? (1985)

அடுத்த வருடம் இங்கிலாந்தில் அலன் சுகரின் ஆம்ஸ்ட்ராட் கம்பெனி 'பிசிடபிள்யூ 8256' என்ற மெஷினை விட்டது. பச்சை எழுத்துத் திரை, 3 இன்ச் டிஸ்க் டிரைவ், கீபோர்டு, வேர்ட் பிராசசர் மென்பொருள், கூடவே பிரிண்டர். எல்லாம் சேர்த்து வரி நீங்கலாக 399 பவுண்டு. எழுத்தாளர்களும் சின்ன ஆபீஸ்காரர்களும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

எப்படி இந்த விலை? எல்லாவற்றையும் பங்கு போட வைத்தார்கள். பிரிண்டரை இயக்கும் எலெக்ட்ரானிக்ஸ் பிரிண்டரில் இல்லை, கணினிக்குள் இருந்தது. பிரிண்டருக்குக் கரண்ட்டும் அங்கிருந்துதான். ஒரே ப்ளக் போதும், உண்மையிலேயே வசதிதான். ஆனால் கணினி போனால் அந்தப் பிரிண்டரை வேறு எதிலும் மாட்ட முடியாது. நல்ல பிரிண்டரும் சேர்ந்து குப்பைக்கு.

ஆல்-இன்-ஒன் பொருளாதாரமே இதுதான். ஒரு பெட்டி, ஒரு பவர் சப்ளை என்று மிச்சம் பிடிப்பது வாங்கும் அன்று லாபம். ரிப்பேர் வரும் அன்று அதற்கு வட்டி கட்டுகிறோம்.

ஒரே பெயரில் ரெண்டு பாடம் (2004 – 2014)

2004-ல் வந்த ஐமேக் ஜி5-ல் கணினி முழுவதும் தட்டைத் திரையின் பின்னால் போனது. இன்றைய எல்லா ஆல்-இன்-ஒன்னுக்கும் அடிப்படை இந்த வடிவம்தான். அந்தத் தலைமுறையில் பல மெஷின்களில் கெப்பாசிட்டர்கள் வீங்கி, பவர் பிரச்சினை வந்தது. ஆப்பிளே தனி ரிப்பேர் திட்டம் அறிவித்தது. ஆனால் முதல் மாடலில் பின்மூடியின் மூன்று ஸ்க்ரூவைத் தளர்த்தினால் எல்லாம் கைக்கு எட்டும். பவர் சப்ளையை உரிமையாளரே மாற்றலாம். கோளாறு இருந்தும் பிழைத்தது அதனால்தான்.

2012 ஐமேக்கில் விளிம்பு 5 மில்லிமீட்டருக்கு மெலிந்தது. அதற்கு விலையாக முன்பக்கக் கண்ணாடி பசையால் ஒட்டப்பட்டது. 21.5 இன்ச் மாடலில் ரேம் மாற்றும் கதவும் காணாமல் போனது.

இன்னொன்று: 2009 கடைசியிலிருந்து 2014 வரை வந்த பல ஐமேக்குகளை வேறு கணினிக்கு வெறும் மானிட்டராகப் பயன்படுத்த முடிந்தது. 5கே திரை வந்தபோது அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். விளைவு, அருமையான திரை, அதன் பின்னால் வயதான சிப். ஒன்றை விட்டு ஒன்றைப் பிரிக்க வழியில்லை.

இன்றைக்கு வாங்குகிறவருக்கு

திரை பத்து வருடம் தாராளமாக உழைக்கும். சிப்பும் மென்பொருளும் அப்படி இல்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல் சிப்களில் பெரும்பாலும் 8-ம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். 2017-ல் வாங்கிய பல ஆல்-இன்-ஒன்கள் பளிச்சென்ற திரையோடு அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. சாதா டெஸ்க்டாப் என்றால் சிபியூ பெட்டியை மட்டும் மாற்றி, மானிட்டரை வைத்துக்கொள்ளலாம்.

அதனால் மலிவு மாடலைப் பார்க்கும்போது நான் பார்க்கும் வரிசை இது:

1. பவர் அடாப்டர் வெளியே இருக்கிறதா? லேப்டாப் போல வெளியே இருந்தால் நல்லது. நம்ம ஊர் வோல்டேஜில் முதலில் அடிவாங்குவது அதுதான், அது தனியாகச் சாகட்டும்.

2. ரேம் ஸ்லாட்டில் இருக்கிறதா, சால்டரா? எஸ்எஸ்டி மாற்ற முடியுமா? பின்மூடி ஸ்க்ரூவில் திறக்குமா?

3. எச்டிஎம்ஐ 'இன்' இருக்கிறதா? 'அவுட்' பெரும்பாலானவற்றில் இருக்கும், அது வேறு. 'இன்' இருந்தால், நாளைக்கு சிப் பழசானாலும் திரை மானிட்டராகப் பிழைக்கும்.

4. எந்த சிப்? ஐ3, ஐ5 என்ற பெயரைப் பார்த்து டெஸ்க்டாப் சிப் என்று நினைக்க வேண்டாம். மலிவு மாடல்களில் பெரும்பாலும் லேப்டாப் சிப்தான். இன்டெல் என்100 போன்றவை 6 வாட் ரகம், நாலு கோர். பில் போட, டேலி, பிரவுசர், ஆன்லைன் கிளாஸ் இதற்கெல்லாம் போதும். வீடியோ எடிட்டிங்கிற்குத் திணறும்.

ஆல்-இன்-ஒன்னே வேண்டாம் என்று சொல்லவில்லை. கடை கவுன்டர், ரிசப்ஷன், ஹாலின் ஒரு மூலை மாதிரி இடம் குறைவான, வயர் தொங்கக் கூடாத இடங்களுக்கு அது சரியான பொருள். மற்ற இடங்களில், மானிட்டரின் பின்னால் மாட்டும் மினி பிசி கிட்டத்தட்ட அதே இடத்தைத்தான் எடுக்கும், பாகங்களும் பிரிந்தே இருக்கும். லெனோவா 'டைனி-இன்-ஒன்' மானிட்டரில் குட்டி பிசியைச் செருகிக் கழற்றலாம். டெல் 2019-ல் ஆப்டிபிளெக்ஸ் 7070 அல்ட்ராவில் கணினியை மானிட்டர் ஸ்டாண்டுக்குள் வைத்தது. பெரிய கம்பெனிகளின் ஆபீஸ்களுக்கென்று இந்தப் பிரிக்கும் வசதியை யோசித்துச் செய்கிறார்கள். வீட்டுக்கு ஒன்றே ஒன்று வாங்கி பத்து வருடம் ஓட்டப் பார்க்கும் நமக்குத்தான் அது இன்னும் அதிகம் தேவை. கடையில் டெமோ காட்டுபவரிடம் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். மேலே சொன்னதில் பாதிக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.