மூர், மலபார், மௌமெட்: இறந்த ஆங்கிலச் சொற்களுக்குள் நாம்

வீட்டில் இருக்கும் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தகப்பனின் இனம் என்ற கூட்டில் எங்களில் பெரும்பாலானவர்களுக்கு 'இலங்கைச் சோனகர்' என்று எழுதியிருக்கும். அதையே ஆங்கிலத்தில் எடுத்தால் அந்த இடத்தில் 'மூர்' என்று வரும். உயர்தர வகுப்புப் பிள்ளையொன்று அந்தச் சொல்லை அகராதியில் தேடிவிட்டு வந்து, "சேர், மூர் எண்டா புல்லுத்தரை எண்டு போட்டிருக்கு, கப்பலக் கட்டுறது எண்டும் போட்டிருக்கு. நாம இதில எது?" என்று கேட்டது. வகுப்பே சிரித்தது. ஆனால் கேள்வியில் பிழையில்லை. எங்களைக் குறிக்கும் பொருள் அந்த அகராதியில் கடைசியில்தான் கிடந்தது, அதுவும் 'வரலாற்று வழக்கு' என்ற அடைமொழியோடு.

இங்கிலாந்தில் இன்று வாழும் முஸ்லிம் ஒருவரை யாரும் மூர் என்று அழைப்பதில்லை. ஒக்ஸ்போர்ட் பேரகராதி 1884 இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928 இல் முதற்பதிப்பு நிறைவானது. வழக்கொழிந்த சொல்லின் முன்னால் குத்துவாள் போன்ற சிறு குறி இடுவது அதன் வழக்கம். அந்தக் குறி பட்ட சொற்களையும் அதன் விளிம்பில் நிற்கும் சொற்களையும் எடுத்துப் பார்த்தால், அவற்றில் கணிசமானவை எங்களைப் பற்றியவை. பழைய ஆங்கில ஏடுகளில் வன்னியையும் அதன் முஸ்லிம்களையும் தேடப் போகிறவர் இந்தச் சொற்களின் பழைய பொருளை அறியாமல் போனால், கண்ணுக்கு முன்னால் இருப்பதையே தவறவிட்டு வருவார்.

மூர் என்ற சொல்லின் பயணம் வட ஆபிரிக்காவில் தொடங்குகிறது. மௌரித்தானியா என்று ரோமர் அழைத்த நாட்டில் வாழ்ந்தவர் 'மௌரி'. பின்னாளில் அந்த மக்கள் இஸ்லாத்தைத் தழுவி ஸ்பெயினுக்குள் வந்தபோது, ஸ்பானியருக்கும் போர்த்துக்கேயருக்கும் 'மோரோ', 'மோரு' என்றாலே முஸ்லிம் என்றாகிவிட்டது. 1498 இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையில் இறங்கியபோதும், 1505 இல் லொரன்சோ ட அல்மேதா இலங்கைக் கரைக்கு வந்தபோதும், கடல் வணிகத்தில் இருந்த முஸ்லிம்களை அவர்கள் அதே பெயரால்தான் அழைத்தார்கள். இவர் அரபியா, தமிழரா, மலையாளியா என்ற வித்தியாசம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. இதே சொல்லைத்தான் ஸ்பானியர் பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களுக்கும் வைத்தார்கள். அவர்கள் இன்றும் 'மோரோ' மக்களே. மொரோக்கோவோடு அவர்களுக்கு என்ன உறவோ, எங்களுக்கும் அதே உறவுதான். பெயர் ஒட்டினதைத் தவிர வேறொன்றுமில்லை.

போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் வாங்கினார்கள், ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர். 1770 இல் ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்து கொண்டுவந்த முஸ்லிம் சட்டத் தொகுப்பை அடியாகக் கொண்டு, 1806 இல் ஆங்கிலேயர் வெளியிட்ட சட்டக்கோவையின் தலைப்பிலேயே 'மௌர்கள் அல்லது மஹோமேதர்கள்' என்று இரண்டு பெயரும் இருக்கின்றன. ஒன்று இனமா, மற்றது மதமா என்ற தெளிவு அந்த 'அல்லது'க்குள் இல்லை. அந்தக் குழப்பத்தை நாங்கள் இன்றும் சுமக்கிறோம்.

இன்னொரு வேடிக்கை. 18 ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'மூர்ஸ்' என்பது ஒரு மொழியின் பெயராகவும் இருந்தது. ஜோர்ஜ் ஹட்லி 1772 இல் எழுதிய இலக்கண நூலின் தலைப்பு, 'மூர்ஸ்' என்று பொதுவாக அழைக்கப்படும் இந்துஸ்தானி மொழியைப் பற்றியது என்று சொல்கிறது. ஆகவே அந்நாளைய கம்பனி ஏட்டில் ஒருவருக்கு 'மூர்ஸ் தெரியும்' என்றிருந்தால், அவருக்கு முஸ்லிம்களைப் பழக்கம் என்று எடுக்கக்கூடாது. உருதுவுக்கு நெருங்கிய பேச்சு தெரியும் என்பதே பொருள். இந்தப் பொருள் முற்றாக மறைந்துவிட்டது.

இதையெல்லாம் விடக் கசப்பான ஒரு சொல் உண்டு. இடைக்கால ஆங்கிலத்தில் 'மௌமெட்' என்றால் விக்கிரகம். 'மௌமெட்ரி' என்றால் விக்கிரக வணக்கம். இது எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய பிரெஞ்சு மொழி வழியாக, எங்கள் நபி (ஸல்) அவர்களுடைய திருப்பெயரின் திரிபிலிருந்து. கஃபாவுக்குள் இருந்த சிலைகளை அகற்றிய தூதரின் பெயர் ஐரோப்பாவின் ஒரு மூலையில் சிலைக்கே பெயராகிவிட்டது! சிலுவைப் போர்க் காலத்து ஐரோப்பியரில் பலர் முஸ்லிம்கள் மூன்று தெய்வச் சிலைகளை வணங்குகிறார்கள் என்று நம்பினார்கள். அவர்களுடைய வீரகதைப் பாடல்கள் அப்படித்தான் கட்டப்பட்டன. அந்த மூன்றில் ஒன்றாகக் கற்பனை செய்யப்பட்ட 'டெர்மகண்ட்' என்ற பெயர் பின்னாளில் சண்டைக்காரப் பெண்ணைக் குறிக்கும் சொல்லாகித் தேய்ந்தது. 'மஹவுண்ட்' என்ற இன்னொரு திரிபு அங்கே பொய்த் தெய்வத்துக்கும் ஷைத்தானுக்கும் பெயராக வழங்கியது. இங்கிலாந்தின் இடைக்கால மத நாடகங்களில் ஏரோது மன்னன் மஹவுண்டின் பெயரால் சத்தியம் செய்கிறான். ஏரோது நபியவர்களின் பிறப்புக்கு ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இறந்தவன். அறியாமைக்குக் கால வரிசை ஒரு பொருட்டல்ல.

ஷேக்ஸ்பியர் காலத்தில் 'மௌமெட்' விக்கிரகம் என்ற பொருளிலிருந்து இறங்கி வெறும் பொம்மையாகிவிட்டது. 'ரோமியோவும் யூலியட்டும்' நாடகத்தில் ஒரு தகப்பன் அழுகிற மகளை அந்தச் சொல்லால் ஏசுகிறான். அதைப் பேசிய நடிகனுக்கோ கேட்ட சனத்துக்கோ சொல்லின் பிறப்பு நினைவிலிருந்திருக்காது. இந்தக் காலத்திலேயே 'துருக்கனாதல்' என்றால் ஆங்கிலத்தில் இஸ்லாத்துக்கு மாறுதல் என்று பொருள். குர்ஆனை 'அல்கொரான்' என்றார்கள். அரபியின் 'அல்' ஒரு சுட்டு என்பது தெரியாமல் அதற்கு முன்னால் தங்கள் ஆங்கிலச் சுட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். 1649 இல் இலண்டனில் அச்சான முதல் ஆங்கில மொழிபெயர்ப்பின் பெயரிலும் 'அல்கொரான்' என்றே உண்டு. அதுகூட அரபியிலிருந்து நேரே வரவில்லை, பிரெஞ்சிலிருந்து பெயர்த்தது.

இந்தச் சொற்களைப் பார்த்துக் கோபப்படுவதில் பயன் குறைவு என்பது என் எண்ணம். அவை இறந்துவிட்டன. ஆனால் அந்தச் சொற்களோடு வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் பின்னர் கச்சேரிகளில் உட்கார்ந்து எங்களைப் பதிந்தார்கள். அதை மறந்து அவர்களுடைய ஏட்டைப் படிக்க முடியாது.

வன்னிக்கு வருவோம். ரொபர்ட் நொக்ஸ் கண்டி அரசனின் சிறையிருப்பில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, 1679 இல் அனுராதபுரம் வழியாக அருவியாற்றோரம் நடந்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681 இல் வெளிவந்த அவருடைய நூலில், வடக்கே கைலை வன்னியன் ஆட்சியில் வாழ்ந்த மக்களை 'மலபார்கள்' என்கிறார். இன்றைய வாசகர் இதைக் கண்டால் கேரளத்தவர் என்றே நினைப்பார். அப்படியல்ல. அந்நாளைய ஆங்கிலத்தில் மலபார் என்றால் தமிழர். மலபார் மொழி என்றால் தமிழ். 1578 இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தன் மொழியை 'மலவார் தமுள்' என்று சொல்லிக்கொண்டது. 1779 இல் சென்னை வேப்பேரியில் அச்சிடப்பட்ட பப்ரிசியசின் தமிழ் அகராதியும் 'மலபார்' அகராதியென்றே பெயர் பெற்றது. 'மலபார்' என்ற பெயரிலேயே அரபிக் கடலோடிகளின் வாய்மொழி இருக்கிறது: முன்பாதி எங்கள் 'மலை', பின்பாதி அவர்கள் சேர்த்தது.

இங்கேதான் விஷயம் கனக்கிறது. பழைய ஆங்கில ஏடுகள் இந்தப் பகுதி மக்களை 'மலபார்களும் மூர்களும்' என்று பிரித்தன. இருவர் வாயிலும் ஒரே தமிழ். முதற் பெயர் மொழியைப் பார்த்து வைத்தது, இரண்டாவது மார்க்கத்தைப் பார்த்து வைத்தது. அளவுகோல் இரண்டு, ஆனால் பட்டியல் ஒன்று. பின்னர் 'மலபார்' மறைந்து அந்த இடத்தில் 'தமிழர்' வந்து உட்கார்ந்தது. 'மூர்' மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. 1911 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதுவும் 'இலங்கைச் சோனகர்', 'இந்தியச் சோனகர்' என்று இரண்டாகக் கிளைத்தது.

பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் இனத்தால் தமிழரே என்று 1885 இல் சட்டசபையில் பேசி, 1888 இல் ராயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் கட்டுரையாகவும் படித்தார். 1889 இல் முஸ்லிம்களுக்குத் தனியான உறுப்பினராக எம். சி. அப்துல் ரஹ்மான் நியமிக்கப்பட்டார். 1907 இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு மறுப்பு நூல் எழுதினார். இந்தக் கதையை வாசகர்கள் அறிவார்கள். நான் சொல்ல வருவது வேறு. இரண்டு பெரியவர்களும் ஆங்கிலத்தில் நின்று, போர்த்துக்கேயர் வைத்துவிட்டுப் போன ஒரு சொல்லின் மேல் வாதாடினார்கள். எங்கட சொந்தச் சொல்லான 'சோனகர்' அதற்கு எத்தனையோ நூற்றாண்டு மூத்தது. யவனர் என்பது பிராகிருதத்தில் 'யோன' ஆகி, தமிழில் யோனகர், சோனகர் என்று வந்தது. மேற்கிலிருந்து கடல்வழி வந்தவரைத் தமிழர் அழைத்த பெயர் அது. வசையும் இல்லை, குழப்பமும் இல்லை. யாழ்ப்பாணத்துச் சோனகதெருவுக்குப் பெயர் வைத்தவர் ஆங்கிலம் படித்தவரல்ல.

லெப்பை என்ற பெயரும் இப்படி மாட்டிக்கொண்டது. ஹென்றி யூல், ஏ. சி. பர்னல் இருவரும் தொகுத்து 1886 இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதியில் அது 'லுப்பை' என்று நிற்கிறது. 'அரபி' என்பதன் திரிபு என்று விளக்கமும் தருகிறார்கள். எங்கள் பெரியவர்கள் 'லப்பைக்' என்பதிலிருந்து வந்ததென்பார்கள். அந்த அகராதியின் பெயரே 'ஹொப்சன்-ஜொப்சன்'. முஹர்ரம் ஊர்வலத்தில் "யா ஹஸன், யா ஹுஸைன்" என்று எழுந்த புலம்பலை ஆங்கிலச் சிப்பாய்கள் காதில் வாங்கின விதம் அது. கர்பலாவின் துயரம் ஒரு நகைப்பான புத்தகப் பெயராகிப் போனது. என்றாலும் அந்த நூலைத் தள்ளிவிட முடியாது. பழைய ஏட்டைப் படிப்பவருக்கு அது இல்லாமல் கை ஓடாது.

வன்னி பற்றிய ஆங்கில எழுத்தில் ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைநூல் முக்கியமானது. அதற்கு முந்திய ஏடுகளில் தேடுபவர் எழுத்துக்கூட்டலையும் மாற்றித் தேட வேண்டும்: வன்னியை 'வொனி' என்று படிக்கத்தக்க விதமாகவும், முல்லைத்தீவை 'முல்லெட்டிவோ' என்றும் எழுதியிருப்பார்கள். 'லஸ்கர்' என்று கண்டால் உடனே கப்பல்காரன் என்று எடுக்கக்கூடாது. பாரசீகத்தில் படையைக் குறித்த சொல் அது. இலண்டன் துறைமுகத்தில் ஆசிய மாலுமிக்குப் பெயரானது, இலங்கையிலோ பீரங்கிப் படையின் ஊழியனுக்குப் பெயரானது. 'தவளம்' என்பது பொதிமாட்டுத் தொடர். உப்பும் கருவாடும் உள்நாட்டுக்குப் போனதும், பாக்கு வெளியே வந்ததும் தவளத்தில்தான். அதை நடத்தியவர்களில் பெரும்பகுதி முஸ்லிம்கள். 1905 இல் வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் வரை ரயில் ஓடத் தொடங்கிய பிறகு இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லாமல் போனது. வடக்கின் ஆங்கில உறுதிகளில் 'லாச்சம்' என்ற அளவுக்குப் பக்கத்தில் 'வி.சி.', 'பி.சி.' என்று இரண்டு எழுத்து வரும். முதலாவது வரகு விதைப்பு, இரண்டாவது நெல் விதைப்பு. இதைப் படிக்கத் தெரியாமல் சொந்தக் காணியின் அளவையே மாற்றிச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

'மஹோமேதன்' என்ற சொல் எங்கள் கண்முன்னே செத்தது. 1886 ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டத்தில் 'மொஹமதன்' இருந்தது. 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'முஸ்லிம்' வந்துவிட்டது. 1875 இல் 'முஹம்மதன்' என்ற பெயரோடு தொடங்கிய அலிகார் கல்லூரி 1920 இல் முஸ்லிம் பல்கலைக்கழகமானது. கொல்கத்தாவின் உதைபந்தாட்டக் கழகம் மட்டும் 1891 முதல் இன்றுவரை 'மொஹமடன்' ஆகவே விளையாடுகிறது. கொழும்பின் மூர்ஸ் விளையாட்டுக் கழகமும் அப்படித்தான். ஆனால் இதில் நாங்கள் ஆங்கிலத்துக்குப் பின்னால் போகவில்லை. சித்திலெப்பை 1882 இல் பத்திரிகை தொடங்கியபோது 'முஸ்லிம் நேசன்' என்றே பெயர் வைத்தார். சட்டப் புத்தகம் அந்த இடத்துக்கு வரப் பல பத்தாண்டுகள் எடுத்தது.

1990 ஒக்டோபரில் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வெளியேறச் சொல்லப்பட்டபோது, அழைக்கப்பட்ட பெயர் சோனகர் அல்ல, மூர் அல்ல, முஸ்லிம்கள் என்பதே. நீராவிப்பிட்டியிலும் தண்ணீரூற்றிலும் இருந்தவர்கள் கையில் எடுத்துப் போனது போக, பெட்டகத்தில் விட்டுப் போன உறுதிகள்தான் அதிகம். புத்தளத்தில் அவர்களுக்கு ஆங்கிலத்தில் மூன்றெழுத்துப் பெயரொன்று கிடைத்தது: ஐ.டி.பி. 2009 க்குப் பிறகு அந்தப் பெயருக்கும் வயது பார்த்தார்கள். 2008 க்குப் பின் இடம்பெயர்ந்தவர் 'புதியவர்', அதற்கு முன் இடம்பெயர்ந்தவர் 'பழையவர்'. உதவிப் பட்டியல்கள் புதியவரிலிருந்து தொடங்கின. பத்தொன்பது வருடம் ஓலைக் கொட்டிலில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு மூத்தம்மா, படிவத்தைப் பார்த்துக்கொண்டே, "பழசு எண்டா என்ன வாப்பா, எங்கள மறந்திட்டாங்க எண்டா?" என்று கேட்டார். அந்தப் படிவமும் இப்போது எங்கோ ஓர் அலுமாரியில் கட்டி வைக்கப்பட்டிருக்கும். அதில் எங்கள் ஊர்களின் பெயருக்கு எதிரே அந்த ஆங்கிலச் சொல் இருக்கிறது.