கிதார் பயில்வோருக்குப் புனே நகரம் கூறும் சான்று

இசைக்கருவி ஒன்றை ஆர்வத்தோடு கையில் எடுப்போர் பலர். ஓராண்டு கழிந்த பின்னும் அதனைக் கீழே வையாதவர் சிலர். இடையில் விட்டவர்களைக் காரணம் வினவினால், கருவியைக் குறை கூறுவோர் அரியர். "எனக்குப் பிறவியில் அந்த வரம் இல்லை" என்பார் ஒருவர். "என் விரல்கள் குட்டையானவை" என்பார் மற்றொருவர். "வயது கடந்துவிட்டது", "சுரக்குறிப்பு எனக்கு விளங்காது" என்று வேறு சிலர் ஒதுங்குவர். இந்நாளில் இளைஞர் பெரிதும் விரும்பும் கிதார்க் கருவியைச் சூழ்ந்து இத்தகைய எண்ணங்கள் மிகுதியாக உலவுகின்றன. இவை எங்கிருந்து வந்தன? இவற்றுள் மெய் எவ்வளவு? இவ்வினாக்களுக்கு விடை காண ஒரு நகரத்தின் வரலாறு நமக்குத் துணை செய்யும். மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ள, முன்பு பூனா என்று வழங்கிய புனேயே அந்நகரம்.

இசை என்பது பிறவியில் வருவது, பரம்பரைக்கு உரியது என்பது முதல் எண்ணம். இதற்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. வட இந்தியாவில் கரானா எனப்படும் இசை மரபுகள் பெரும்பாலும் குடும்பங்களுக்குள் காக்கப்பட்டன. தந்தை மகனுக்கும், மாமன் மருமகனுக்கும் கற்பித்தனர். வெளியார் ஒருவர் உள்ளே புகுவதற்கு ஆண்டுக்கணக்கில் பணிவிடை செய்ய வேண்டியிருந்தது. கதவு மூடியிருந்தமையால் உள்ளே இருந்தவர்கள் மட்டுமே பாடினர். அதைக் கண்ட உலகமோ, பாடும் ஆற்றலே அவர்கள் குருதியில் ஊறியது என்று கருதிவிட்டது. வாய்ப்பின் குறையைப் பிறவியின் குறையாக எண்ணிய மயக்கம் இது.

அக்கதவைத் திறக்க முயன்றவர்களுள் புனே நகரத்தார் முன்னணியில் நின்றனர். 1874-ஆம் ஆண்டில் அங்கே காயன சமாஜம் என்னும் இசைக் கழகம் தோன்றியது. கற்றவர் குடும்பங்களில் இசைப் பற்றை வளர்ப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. தமிழர் இங்கே நினைவுகூரத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1883-இல் இக்கழகத்திற்குச் சென்னையிலும் ஒரு கிளை ஏற்பட்டது. புனேயில் மூட்டிய விளக்கின் ஒளி ஒன்பதே ஆண்டுகளில் நம் ஊர் வரை எட்டியது.

1911-இல் பாஸ்கர்புவா பகலே அதே நகரில் பாரத காயன சமாஜத்தை நிறுவினார். அவர் ஒரே மரபில் அடங்கியவர் அல்லர். பைஸ் முகம்மது கான், நத்தன் கான், அல்லாதியா கான் ஆகிய மூவரிடமும் பயின்றவர். ஓர் ஆசிரியரை விட்டு மற்றோர் ஆசிரியரிடம் சென்றால் வித்தை கெடும் என்று அஞ்சுவோர்க்கு அவர் வாழ்வே தக்க விடை. 1913-இல் உஸ்தாத் அப்துல் கரீம் கான் ஆரிய சங்கீத வித்தியாலயத்தைப் புனேயில் தொடங்கினார். தாமே புகழ்பெற்ற பரம்பரையில் தோன்றியவராயினும், பரம்பரைக்கு வெளியே இருந்தவர்களுக்கும் தம் கலையை அவர் வழங்கினார். 1937-இல், சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் வழியில், சிங்கப்பெருமாள் கோயில் இரயில் நிலையத்தில் அவர் உயிர் நீத்தார்.

அவருடைய மாணவர் சவாய் கந்தர்வர். சவாய் கந்தர்வரின் மாணவர் பீம்சேன் ஜோஷி. 1922-இல் பிறந்த பீம்சேனின் தந்தை இசைவாணர் அல்லர், பள்ளி ஆசிரியர். கடை ஒன்றில் ஒலித்த அப்துல் கரீம் கானின் இசைத்தட்டைக் கேட்டு உள்ளம் பறிகொடுத்த அச்சிறுவர், பதினொன்றாம் வயதில் ஆசிரியரைத் தேடி வீட்டை விட்டு வெளியேறினார். பின்னர் குந்தகோல் என்னும் ஊரில் குருவின் இல்லத்தில் தங்கிப் பயின்றார். புனேயில் குடியேறி, 1953-இல் தம் ஆசிரியர் பெயரால் அங்கே இசை விழாவையும் தொடங்கினார். 2008-இல் அவருக்குப் பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டது. வரம் என்று உலகம் சொல்லும் ஒன்று அவரிடம் இருந்ததோ இல்லையோ, தேடலும் பயிற்சியும் இருந்தன என்பது ஐயமற்ற உண்மை.

இரண்டாவது எண்ணம் சுரக்குறிப்பைப் பற்றியது. இதில் இரு சாரார் இரு வகையாகத் தவறுகின்றனர். குறிப்பைப் படித்தால் உணர்ச்சி அழியும் என்பார் ஒரு சாரார். குறிப்புப் புத்தகம் கிடைத்தால் ஆசிரியரே வேண்டா என்பார் மறு சாரார். வரலாறு இருவரையும் மறுக்கின்றது. விஷ்ணு திகம்பர் பலூஸ்கர் 1901-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் லாகூரில் காந்தர்வ மகாவித்தியாலயத்தை நிறுவியபோது, பாடத்திட்டமும் சுரக்குறிப்பும் தேர்வும் உடைய இசைப் பள்ளி உருப்பெற்றது. அவர் இளமையில் பட்டாசு வெடியால் கண்பார்வை குன்றியவர் என்பதை இங்கே நினைக்க வேண்டும். தாம் எளிதில் படிக்க இயலாத எழுத்தைப் பிறருக்காக வளர்த்தவர் அவர். அவருடைய மாணவர் விநாயகராவ் பட்வர்த்தன் 1932-இல் புனேயில் அதே பெயருடைய பள்ளியைத் தொடங்கி, இராகங்களை விளக்கும் நூல்களையும் வரிசையாக எழுதினார்.

தெற்கிலும் இதே உழைப்பு நடந்தது. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, கமகங்களுக்கும் குறியீடு அமைத்துத் தந்த பெருநூல். வழக்கறிஞராக இருந்து இசையாய்வில் இறங்கிய விஷ்ணு நாராயண பாத்கண்டே அதே ஆண்டில் தென்னாட்டுப் பயணம் மேற்கொண்டு தீட்சிதரைக் கண்டு உரையாடினார். இப்பெரியோர் எவரும் எழுத்தை ஆசிரியருக்கு மாற்றாகக் கருதவில்லை. எழுத்து நினைவுக்குத் துணை. செவிக்கு ஆசிரியரே துணை. கிதார் பயில்வோரும் இதனையே கொள்ளலாம். குறிப்பு அறியாமலே தொடங்கலாம். ஆயினும் அதனை அறிந்தால் பிறர் அமைத்த பெருஞ்செல்வம் கைக்கு எட்டும்.

மூன்றாவது, இன்ன கருவி இன்ன இசைக்கு ஆகாது என்னும் எண்ணம். இதில் கற்றோரும் விலக்கல்லர், வானொலியும் விலக்கன்று. 1940-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து நீக்கியது. 1971 வரை அத்தடை நீடித்தது. ஆர்மோனியம் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்லாது, நுண்சுருதிகளைத் தாராது என்ற குறை உண்மையே. ஆயினும் மராத்தி நாடக மேடையில் அக்கருவி அதற்கு நெடுங்காலம் முன்பே வேரூன்றியிருந்தது. புனேயில் வாழ்ந்த அப்பா ஜல்காவ்கர் அதனை வாசித்துப் பெரும்புகழ் பெற்றார். கருவியின் எல்லையை அறிவது நன்று. அவ்வெல்லையையே தடையுத்தரவாக மாற்றியது எவ்வளவு பொருந்தும் என்பதை அந்த முப்பத்தோராண்டுக் காலம் நமக்கு உணர்த்துகின்றது.

கிதாருக்கும் இவ்வகை மறுப்பு எழுந்தது. அதன் மெட்டுகள் நிலையானவை. ஆகவே கமகம் வாராது என்றனர். பிரிஜ் பூஷண் காப்ரா என்பார் ஹவாய் முறையைக் கைக்கொண்டார். அம்முறையில் கருவியைக் கிடத்தி, மெட்டுகளில் விரல் பதிக்காமல், உலோகத் தண்டைத் தந்திகளின் மேல் வழுக்கி ஒலியெழுப்புவர். சுரத்திலிருந்து சுரத்திற்கு இடையறாது செல்ல இஃது ஏற்ற வழி. 1967-இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் அவர் அளித்த இசைத்தட்டு நாடெங்கும் பரவியது. விஸ்வமோகன் பட் அதே வழியில் மோகன வீணையை உருவாக்கி, 1994-இல் கிராமி விருது பெற்றார். நம் தென்னாட்டிலோ, இதற்கு முன்னோடி வயலின். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அம்மேலைநாட்டுக் கருவியைக் கற்று நம் இசைக்கு உரியதாக்கினார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்ப்பதே அரிது.

நான்காவது, பெண்களைப் பற்றிய எண்ணம். மேடையேறிப் பாடுவது குடும்பப் பெண்ணுக்கு அழகன்று என்று ஒரு காலம் கூறியது. அப்துல் கரீம் கானின் மகளார் ஹீராபாய் பரோடேகர், நுழைவுச்சீட்டு விற்கும் பொதுக் கச்சேரிகளில் பாடிய முதற் பெண்மணிகளுள் ஒருவர். புனேயில் வாழ்ந்த அவர் 1970-இல் பத்மபூஷண் பெற்றார். அவருக்கு முன் மூடியிருந்தது இசையின் கதவன்று, ஊரின் கதவு. கிதார் ஆண்பிள்ளைகளின் கருவி என்று கூறி மகளைத் தடுக்கும் பெற்றோர் அந்த ஊரின் குரலையே மீண்டும் ஒலிக்கின்றனர்.

இனி, உடலைப் பற்றிய ஐயங்கள். விரல் நீண்டிருக்க வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. ஐரோப்பாவில் ஜாங்கோ ரெயின்ஹார்ட் என்பார் 1928-இல் நேர்ந்த தீ விபத்தில் இடக்கையின் இரு விரல்கள் செயலிழக்கப் பெற்றார். எஞ்சிய விரல்களாலேயே புதிய முறை கண்டு, ஜாஸ் இசையில் தலைசிறந்த கிதார் கலைஞரானார். முதல் வாரங்களில் விரல்நுனி நோவது தகுதியின்மைக்கு அடையாளம் அன்று. தோல் தடிக்குமுன் எவர்க்கும் அது நேரும். தந்தி மெட்டினின்று மிக உயர்ந்திருந்தால் நோவு கூடும். அந்நிலையில் குறை கருவியில் உள்ளது. அதனைச் செப்பனிடுவோரிடம் கொடுத்துத் தந்தியைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். மெட்டின் மேலன்றி அதனை ஒட்டிப் பின்னே விரலை அழுத்தினால் குறைந்த விசையே போதும். வயதைப் பொறுத்தவரை, இளமையில் தொடங்குவோர்க்குக் காலம் மிகுதி. முதியோர்க்கோ பொருள் உணரும் ஆற்றல் மிகுதி. வாரத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் வருந்துவதினும், நாள்தோறும் அரைமணி நேரம் பழகுவதே இருசாரார்க்கும் பயன் தரும்.

எளிய கருவி இது, சில சுரக்கூட்டுகளை அறிந்தால் போதும் என்பதும் ஒரு தவறே. தொடங்குவது எளிது, அதனால் கரை காண்பதும் எளிது என்று ஆகாது. இரண்டையும் ஒன்றென எண்ணியவர்களே மூன்றாம் திங்களில் சோர்ந்து விடுகின்றனர்.

மேற்கூறிய எண்ணங்களை ஒருசேர நோக்கினால் ஒன்று புலப்படும். இவற்றுட் பல, ஒரு காலத்து நிலைமையை மனித இயல்பாகக் கொண்டமையால் விளைந்தவை. ஆசிரியர் கிட்டாத காலத்தில் பரம்பரை பெரிதாகத் தோன்றியது. மேடை கிட்டாத காலத்தில் பெண்ணுக்கு இசை ஆகாது எனத் தோன்றியது. நிலைமை மாறிய பின்னும் எண்ணம் மட்டும் எஞ்சி நின்று, தகுதியுடைய பலரை வாயிலிலேயே நிறுத்திவிடுகின்றது. அவ்வாறு திரும்பிச் சென்றவர்களின் பாட்டை எவரும் கேட்டதில்லை. ஆதலால் அவ்விழப்பை எவரும் கணக்கிட்டதும் இல்லை. இனி ஒரு சிறுவனோ சிறுமியோ கிதார் வேண்டும் என்று கேட்கும்போது, வரம் உண்டா என்று ஆராய்வதை விடுத்து, நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்க இயலுமா என்று வினவுதலே பெரியோர்க்குத் தகும்.