கியர் லீவரும் பால்ரின் தகடும்

1990 ஆனியில் சண்டை மூண்ட பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலோ உதிரிப்பாகமோ வராமல் விட்டது கனபேருக்கு நினைவிருக்கும். மண்ணெண்ணெயில மோட்டார்சைக்கிள் ஓடின கதையை எல்லாரும் எழுதியாச்சு. கியர் லீவரைப் பற்றி ஒருத்தரும் எழுதினதாத் தெரியேல்லை.

எங்கட ஒழுங்கைகளில கனக்க ஓடினது ஹொண்டா எம்.டி. 90. யப்பானில தபால்காரர் ஓடிக் கழிச்ச சாமான். கையில கிளச் இல்லை, எல்லாம் காலால மிதிக்கிற லீவர்தான். லீவர் மாட்டுற தண்டிலயும் லீவரின்ர ஓட்டைக்குள்ளயும் நுண்ணிய பல்லுகள் இருக்கும். போல்ட் தளர்ந்தது தெரியாமல் மிதிச்சால் பல்லுத் தேய்ஞ்சு லீவர் சும்மா சுத்தும். வெல்ட் பண்ணலாம் எண்டால் கரண்ட் இல்லை. பண்ணினாலும் பிறகு சங்கிலிப் பக்க மூடியைக் கழட்டேலாது.

அதால பால்ரின் தகட்டை மெல்லிசா வெட்டித் தண்டைச் சுத்தி வைச்சு, லீவரைத் தட்டி ஏத்தி, போல்டை இறுக்குவினம். கொஞ்சநாள் தாங்கும், பிறகு வேற தகடு. லீவர் வழியில விழுந்தே போனால் குறட்டால தண்டைத் திருப்பி, ஒரே கியரில வீடு வந்து சேருறதுதான். இரவில பிள்ளைப்பெறுவுக்கு ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போனதும் அந்தத் தகட்டை நம்பித்தான். 1995 ஐப்பசி 30 இரவு, நாவற்குழிப் பாலத்தில சனத்துக்குள்ள உருட்டிக்கொண்டு போன மோட்டார்சைக்கிள்களிலும் அது இருந்தது.